ஜன்னலில் கூப்பிட்ட பெயர்

உப்பளங்களுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே வெற்றிநாடு என்றொரு தேசம் உண்டு. அந்தத் தேசத்தில் எல்லோருக்கும் ஒரே பெயர்.

மன்னர் வெற்றிமாலை முடிசூடிய அன்று ஓர் ஆணை போட்டார். இனி நாட்டில் பிறக்கும் குழந்தை ஆணானாலும் பெண்ணானாலும் அதற்கு வெற்றிமாலை என்றே பெயர் வைக்க வேண்டும். அன்று இளைஞராக இருந்த மன்னருக்கு இப்போது மீசை வெளுத்துவிட்டது. அந்த ஆணைக்கு முன்னால் பிறந்த பெரியவர்களைத் தவிர நாட்டில் அத்தனை பேரும் வெற்றிமாலை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரே ஒரு பெயரைக் கூப்பிடுவார், வகுப்பு மொத்தமும் 'உள்ளேன் ஐயா' என்று சொல்லும். வேலை சீக்கிரம் முடிவதால் கல்வித்துறைக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. கல்யாண மேடையில் வெற்றிமாலை கழுத்தில் வெற்றிமாலை தாலி கட்டினார். வீட்டுக்குள் மட்டும் ஆளுக்கு ஒரு செல்லப்பெயர் இருந்தது. அதை வாசலுக்கு வெளியே சொல்வது குற்றம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. மன்னர் இருக்கும் இடத்தில் அவருடைய பெயர் கூப்பிடப்பட்டால், அவருக்கு முன்னால் யாரும் எழுந்திருக்கக் கூடாது. மன்னர் பொது இடங்களுக்கு வருவது அபூர்வம் என்பதால் அந்தச் சட்டம் யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடந்தது.

பெயரால் தொல்லை வந்தது அரசு மருந்தகத்தில். அங்கே இரண்டு ஜன்னல்கள். முதல் ஜன்னலில் மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், சீட்டு எழுதி உள்ளேயே தள்ளிவிடுவார். அந்தச் சீட்டு இரண்டாவது ஜன்னலில் மருந்துப் பொட்டலமாக வெளியே வரும். பெயரைக் கூப்பிடுவார்கள். கூடமே எழுந்திருக்கும். யார் கை முதலில் நீளுகிறதோ அவருக்குப் பொட்டலம்.

இதற்கு மக்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். மருந்தகத்துக்கு வெளியே ஒரு புங்கமரம் நின்றது. பொட்டலம் வாங்கியவர்கள் நேரே வீட்டுக்குப் போக மாட்டார்கள். மரத்தடியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, ஆளாளுக்குத் தன் நோயைச் சத்தமாகச் சொல்வார்கள். எனக்கு இருமல், ஆனால் பேதிக்குக் கொடுத்திருக்கிறான் என்று ஒருவர் சொன்னால், முகம் சுண்டிப்போய் எதிரே உட்கார்ந்திருப்பவர், "அது என்னுதுய்யா, சீக்கிரம் குடு, தாங்க முடியல" என்பார். மரத்தடியில் வெட்கம் கிடையாது. மூலமும் சொறியும் சந்தையில் கத்தரிக்காய் விலை மாதிரி பேசப்பட்டன. யாருடையது யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து மாற்றிக்கொண்ட பிறகுதான் கூட்டம் கலையும். அப்படியே பல வருஷம் யாரும் சாகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சுகாதார அமைச்சர் அம்பலவாணர் ஒருநாள் அந்த வழியாகப் பல்லக்கில் போனவர், கூட்டத்தைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். என்ன நடக்கிறது என்று விசாரித்தார். பெருமையாகத்தான் சொன்னார்கள். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

மறுநாள் சபையில் அவர் பேசினார். "சீட்டு எழுதுவது அரசு. அதில் இருப்பது மன்னருடைய பெயர். அதை மரத்தடியில உட்கார்ந்து மாத்திக்கிறாங்கன்னா என்ன அர்த்தம்? அரசு தப்பு பண்ணுதுன்னு தினமும் காலையில கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேத்துறாங்கன்னு அர்த்தம்."

புங்கமரம் வெட்டப்பட்டது. நாகரிகமான அரசு, பிழை கண்டுபிடிக்கும் வேலையை நிழலில் உட்காருபவர்களிடம் விட்டுவைக்கக் கூடாது, அதை முறைப்படி செய்ய வேண்டும் என்றார் அமைச்சர். வெட்டிய அடிமரத்தின் மேல் 'பிழை தெரிவிக்கும் பெட்டி' என்று ஒன்றை வைத்தார்கள். பக்கத்தில் ஒரு அதிகாரியை உட்காரவைத்தார்கள். புகார் கொடுக்க இரண்டே விதிகள். மருந்தை முழுவதும் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும், சாப்பிடாமல் அது தவறான மருந்து என்று எப்படித் தெரியும்? சாப்பிட்டவர் நேரில் வர வேண்டும், கேள்விப்பட்டதை எல்லாம் அரசு ஏற்காது.

உப்பளத்தில் சுருட்டை என்று வீட்டில் அழைக்கப்பட்ட ஒரு வெற்றிமாலை இருந்தான். இருமலுக்குப் போனான். அவன் கைக்கு வந்தது யாருக்கோ எழுதிய தூக்க மாத்திரை. அவன் மனைவி, வீட்டுப் பெயர் அல்லி, அதைத் தூக்கிப் போடச் சொன்னாள். அவன் பிடிவாதக்காரன். பெட்டி என்று ஒன்றை வைத்திருக்கிறார்களே, விதிப்படியே தின்றுவிட்டுப் போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்றான். தின்று முடித்தான். எழுந்திருக்கவில்லை.

அல்லி பெட்டிக்குப் போனாள். மருந்து சாப்பிட்டது நீயா என்று அதிகாரி கேட்டார். இல்லை, என் வீட்டுக்காரர் என்றாள்.

"அப்ப அவர்தாம்மா வரணும்."

"அவரு செத்துட்டாருங்க."

"சரி. வரலைன்னு எழுதிக்கிறேன்."

அல்லி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அடுத்த ஆளுக்கு வழிவிடச் சொன்னார் அதிகாரி. அடுத்த ஆள் என்று யாரும் இல்லை.

மருந்தை முழுவதும் சாப்பிட்டு உயிரோடு வந்தவர்களைப் பார்த்து, உங்களுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, பிறகு ஏது பிழை என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஏதாவது ஆனவர்கள் வரவில்லை. பெட்டி காலியாகவே இருந்தது. பிழையே இல்லாத ஒரே நாடு என்று அமைச்சர் அறிவித்து, அதற்கு ஒரு விழா எடுத்தார்.

விழாவுக்கு மகுடம் வைத்தாற்போல் ஒரு யோசனையும் சொன்னார். மன்னருக்கு வயிற்றில் ஒரு கட்டி இருப்பதாக அரண்மனை மருத்துவர் சொல்லியிருந்தார். சின்னதுதான், மாத்திரையிலேயே கரைந்துவிடும். அந்த மாத்திரையை மக்களோடு மக்களாக ஜன்னலில் வந்து வாங்கிக்கொண்டால் மக்கள் நெகிழ்ந்துபோவார்கள் என்றார் அம்பலவாணர். மன்னருக்கும் நெகிழ்ச்சி பிடிக்கும்.

மன்னர் வந்தார். மருந்தகக் கூடத்தில் பட்டு விரித்த ஆசனத்தில் உட்கார்ந்தார். பின்னால் பெஞ்சுகளில் நோயாளிகள், மூச்சுவிடாமல்.

ஜன்னலில் பெயரைக் கூப்பிட்டார்கள். மன்னர் இருக்கும் இடம் என்பதால் யாரும் அசையவில்லை. மன்னர் எழுந்து போய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அது அவருடைய பொட்டலம் இல்லை.

அதற்குரியவள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளைக் கொலுசு என்பார்கள். சின்ன வயதில் கொலுசைக் கழற்றச் சொன்னால் ஊரைக் கூட்டுவாளாம். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். முதல் பிரசவம் குறைமாதத்தில் போய்விட்டது. அப்புறம் இத்தனை காலம் கழித்து இப்போதுதான் மறுபடி வயிற்றில் தரித்திருக்கிறது. இரத்தம் குறைவு என்று கர்ப்பிணிகளுக்கான டானிக் பொடி எழுதிக் கொடுத்திருந்தார்கள். மன்னர் கிளம்பிப் போன பிறகு இரண்டாம் முறை பெயரைக் கூப்பிட்டதும் அவள்தான் முந்தினாள். அவள் கையில் விழுந்தவை பச்சை நிற மாத்திரைகள். உறைமேல் கொட்டை எழுத்தில் இருந்தது: வயிற்றுக் கட்டி கரைய. கர்ப்பிணிகள் தொடக் கூடாது.

அவள் உறையைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு புறங்கையால் தள்ளித் தள்ளி முந்தானையில் எடுத்துக்கொண்டு முதல் ஜன்னலுக்குப் போனாள். மருத்துவர் படித்துப் பார்த்தார். அவரும் ஒரு வெற்றிமாலைதான், இளைஞர். மன்னர் வாங்கிப் போனது எது என்று அவருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பின்வாசல் வழியாக அமைச்சரிடம் ஓடினார்.

சபை அவசரமாகக் கூடியது. கொலுசுவும் அவள் புருஷனும் கதவோரம் நிறுத்தப்பட்டார்கள். அவனை வீட்டில் ஒல்லி என்பார்கள். அவன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. புகார் எல்லாம் வேண்டாம் சாமி, மாத்திரையை வாங்கிக்கிட்டு டானிக் குடுத்தாப் போதும், நாங்க வாயே திறக்க மாட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அமைச்சர் அவனைப் பார்க்கவில்லை. மன்னரைப் பார்த்துப் பேசினார். இந்தப் பெண்ணின் மருந்து தவறு என்று ஒப்புக்கொண்டால், இவளுடைய மருந்து யாரிடம் போனது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால், இத்தனை பேர் பார்க்க மன்னர் தவறான பொட்டலத்தை வாங்கினார் என்றாகும். மன்னர் தவறு செய்வதற்கு நமது சட்டத்தில் இடமில்லை. சட்டத்தில் இடம் இருப்பது ஒன்றுக்குத்தான்.

"சீட்டைத் திருத்த முடியாது, பிரபு. நோயைத் திருத்தலாம்."

சபையில் ஒருவர் தயங்கித் தயங்கி, அப்படியானால் மன்னருக்கு என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"ஆமா. மன்னர் கருவுற்றிருக்கிறார். நாட்டுக்கே தாயும் தகப்பனுமா இருக்கார்னு கோட்டை வாசல்ல நாமதானே செதுக்கி வச்சோம்? தாயா இருக்கிறவர் கருவுற்றதுல இவ்வளவு ஆச்சரியப்பட என்ன இருக்கு?"

எல்லோரும் மன்னரைப் பார்த்தார்கள். அவர் சிரித்துவிடுவார் என்று ஒல்லி எதிர்பார்த்தான். மன்னர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். மெல்லத் தடவினார்.

"ஆணா பொண்ணான்னு இப்பவே சொல்ல முடியுமா?"

ஒல்லியின் கும்பிட்ட கை அப்போதுதான் பிரிந்தது.

கொலுசுவுக்கு வயிற்றில் இருப்பது கட்டி என்று சபை முடிவு செய்தது. மன்னர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அவள் மாத்திரை விழுங்குவதைத் தினமும் நேரில் கண்டு உறுதி செய்ய ஒரு கண்காணிப்பாளரையும் நியமித்தது.

கண்காணிப்பாளர் மாசிலாமணி முடிசூட்டுக்கு முன்னால் பிறந்தவர், அதனால் சொந்தப் பெயர் உள்ளவர். மறுநாள் காலையில் குடையோடு வந்து வாசலில் நின்றார். கொலுசு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒல்லி அவர் காலில் விழப்போனான். அவர் நகர்ந்துகொண்டார்.

"எழுந்திருப்பா. எனக்குக் குனிஞ்சா முதுகு பிடிச்சுக்கும், உன்னைத் தூக்க முடியாது. ஏம்மா, நான் வந்தேன்ல?"

"வந்தீங்க."

"நீ மாத்திரையோட உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தேன்ல?"

"ஆமாங்க."

"பார்த்தேன்னுதான் நான் எழுதணும். எதைப் பார்த்தேன்னு கேட்க மாட்டாங்க." அவர் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "கோழி கொத்துற இடத்துல போட்டுடாத. ஆழமாப் புதை."

அவர் முதுகுக்குப் பின்னால் கொலுசு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தினமும் காலையில் அவர் வந்தார், தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார், போனார். ஒருநாள் அவர் தன் இடுப்புப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, இதையும் சேர்த்துப் புதைத்துவிடு, எனக்கு எழுதிக் கொடுத்தது, விழுங்கப் பயமாக இருக்கிறது என்றார்.

நாட்டில் ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மன்னருக்கு மசக்கை என்பதால் மாங்காய் எல்லாம் அரண்மனைக்குப் போக வேண்டும், குடிமக்கள் மாமரத்தை அண்ணாந்து பார்ப்பதும் கூடாது. இரத்தம் ஊறும் டானிக் முழுவதும் மன்னருக்கே என்றார்கள், ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஏழாம் மாதம் மன்னருக்கு வளைகாப்பு நடந்தது. வீடு வீடாகப் போய்ப் பெண்களின் கண்ணாடி வளையல்களைக் கழற்றி வாங்கினார்கள். முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கிய கையோடு மன்னர் மாடத்தில் நின்று கையசைத்தார். வயிறு நன்றாகப் பெருத்திருந்தது. முகம் மட்டும் மஞ்சளாக, கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. கீழே நின்றவர்களில் தாய்மார்களாக இருந்த அத்தனை பேருக்கும் அது பிள்ளை வயிறு இல்லை என்று தெரிந்தது. அவர்கள் கைதட்டினார்கள்.

கொலுசுவுக்கும் அதே மாதம். கட்டிக்கு வளைகாப்பு கிடையாது என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அல்லியும் உப்பளத்துப் பெண்கள் நாலைந்து பேரும் வெறுங்கையோடு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்கிருந்தோ ஒளித்துக் கொண்டுவந்த ஒரு மாங்காய்க் கீற்றை அல்லி அவள் வாயில் திணித்தாள். சீக்கிரம் மெல்லு, வாசம் தெருவுக்குப் போகுது என்றாள்.

தினமும் காலையில் மருந்தகத்துக்கு வந்து முதல் ஆளாக டானிக் வாங்கிப் போவது மன்னரின் வழக்கமாகியிருந்தது. எட்டாம் மாதம் அவரால் வர முடியவில்லை. மன்னர் வராவிட்டாலும் ஆசனம் வரும், ஆசனம் இருக்கும் இடம் மன்னர் இருக்கும் இடமே என்று அமைச்சர் அறிவித்தார். ஜன்னலில் பெயர் கூப்பிட்டதும் இரண்டு காவலர்கள் ஆசனத்தைத் தூக்கி இறக்குவார்கள். மன்னர் எழுந்துவிட்டார் என்று பொருள். பிறகு மற்றவர்கள் எழலாம். ஆசனத்தைத் தூக்கும் உத்தரவு அன்றன்று காலையில் மன்னர் வாயாலேயே வர வேண்டும்.

மன்னர் அப்போது படுக்கையில் இருந்தார். வளையல் அடுக்கிய கை போர்வைக்கு வெளியே கிடந்தது. பக்கத்தில் அமைச்சர் மட்டும் நின்றார்.

"அம்பலவாணரே, ரொம்ப வலிக்குது."

"பிள்ளை உதைக்குது, பிரபு."

"எனக்கு முன்னாடி ஒரு கட்டி இருந்துச்சே?"

"அது உப்பளத்துப் பொண்ணு ஒருத்திக்கு மாறிடுச்சு. சட்டப்படி."

மன்னர் தலையைத் திருப்பி அமைச்சரின் முகத்தைப் பார்த்தார். தன் அமைச்சர் பயந்து நிற்பதை மன்னர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்டிருக்க வேண்டும்.

"அவ எப்படி இருக்கா?"

"கட்டி நல்லா வளருது, பிரபு."

கொலுசுவுக்குப் பெண் பிறந்தது. பதிவு செய்ய வந்த அதிகாரி குழந்தையைப் பார்த்தார், சட்டத்தை நினைத்துக்கொண்டார். கட்டி அகற்றப்பட்டது, கட்டி அழுகிறது என்று எழுதினார். பெயர் என்ன வைக்கலாம் என்று ஒல்லி கேட்டதற்கு, கட்டிக்கு எல்லாம் மன்னர் பெயரை வைக்க முடியாது, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இஷ்டம் என்றால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அல்லிதான், அந்த மாங்காய்க் கீற்று வளர்த்த பிள்ளைதானே என்றாள். மாங்கனி என்று வைத்தார்கள். வாசலுக்கு வெளியே நின்றே கூப்பிட்டுப் பார்த்தார்கள். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை.

அரண்மனையில் மன்னரின் அறை ஜன்னல்கள் சாத்தப்பட்டன. அவருக்கு இன்னும் நாள் ஆகவில்லை, யாரும் கவலைப்பட வேண்டாம் என்று பறையறைந்து அறிவித்தார்கள். மாதங்கள் போயின. உள்ளே இரவும் பகலும் சாம்பிராணி போட்டார்கள். மாடத்துக்குக் கீழே நடப்பவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, எதுவும் தெரியாததுபோல் நடந்தார்கள்.

மாங்கனிக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது, பால் குடிக்கவில்லை. கொலுசு விடியற்காலையிலேயே மருந்தகத்துக்குப் போய், முதல் ஜன்னலில் குழந்தையைக் காட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கூடம் நிறைய ஆட்கள். பலர் நாள்கணக்கில் அங்கேயே கிடப்பதுபோல் இருந்தார்கள். முன்னால் பட்டு ஆசனம், அதன் இரு பக்கமும் காவலர்கள்.

ஜன்னலில் பெயரைக் கூப்பிட்டார்கள். வெற்றிமாலை.

காவலர்கள் ஆசனத்தைத் தொடவில்லை. அரண்மனையிலிருந்து உத்தரவு வரவில்லை. இரைப்புக்காரர் ஒருவர் பெஞ்சைப் பிடித்தபடி மூச்சுக்குத் திணறினார். அவருடைய மருந்து ஜன்னல் திண்டில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். வெற்றிமாலை. கூடம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பொட்டலங்கள் திண்டில் குவிந்துகொண்டே போயின. கொலுசு குழந்தையின் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். கன்னம் சுட்டது.

பிறகு ஜன்னலில் குரல் தயங்கியது. எழுதியிருப்பதைச் சரியாகத்தான் படிக்கிறோமா என்று சந்தேகப்படுவதுபோல் இருந்தது.

"மாங்கனி."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. கொலுசு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பெயரைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை. அவள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துபோய்ப் பொட்டலத்தை வாங்கினாள். உறைமேல் படித்தாள். குழந்தைக் காய்ச்சலுக்கு. அங்கேயே அரை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் புகட்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்து அழுதது. அவ்வளவு பெரிய கூடத்தில் அந்த ஒரு சத்தம்தான் கேட்டது.

அன்று சாயங்காலம் முதல் ஜன்னலில், நிறைமாதக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன செய்கிறது என்று மருத்துவர் கேட்டார்.

"கட்டிங்க" என்றாள் அவள். பின்னால் நின்ற பெண்ணும், அவளுக்குப் பின்னால் நின்றவளும் தங்களுக்கும் அதுவே என்றார்கள்.

மருத்துவர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார். கூடத்தில் மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். மன்னருக்கு முன்னால் எழுந்திருக்கக் கூடாது என்பது சட்டம். மன்னர் இன்னும் எழுந்திருக்கவில்லை.